நாலு டப்பாவும் ஒரு வயிறும்

தேரடித் தெருப் பக்கம் மதிவதனிக்கு நல்ல பெயர் கிடையாது. மாமியாரை நடுக்கடையில் வைத்து மானத்தை வாங்கியவள், புருஷன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போனவள், நெஞ்சழுத்தக்காரி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ராணி மெஸ்ஸில் ஓசிக் காபி குடித்தவர்கள். மீதிப் பேருக்கு நடந்தது என்னவென்றே தெரியாது. தெரியாமலே பேசுவதற்கு நம் ஊரில் ஆள் பஞ்சமா என்ன?

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண் அவள். பிளஸ் டூ பாஸ். கல்யாணத்துக்கு முன்னால் மல்லாட்டை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைப்பாள் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தொண்ணூற்றொன்பதில் திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாப்பிள்ளை பாலாஜி, ராணி மெஸ்ஸின் ஒரே வாரிசு. மெஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சந்துக்குள் ஒரு நீளக் கூடம், நாலைந்து மேஜை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் வீடு. ஆனால் பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் சந்து முழுக்க இலை போட வேண்டியிருக்கும்.

கல்லாவில் மாமனார் முருகையன் உட்கார்ந்திருப்பார். பேசுகிற வேலையைக் கல்யாணத்தன்றே பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்ட மனுஷன். அந்தப் பெண்டாட்டிதான் ராணியம்மாள். அவள் வாய்க்கு மெஸ் பத்தாது, தெருவே பத்தாது. சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொன்ன வாடிக்கையாளரைக்கூட, "உங்க வூட்ல உப்பே போட மாட்டாங்க, உனக்கின்னா தெரியும்?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் கையில் ஒரு மருமகள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மதிவதனிக்கு உடம்பு கெட ஆரம்பித்தது கல்யாணமான மூன்றாம் வருஷம். அடிவயிற்றின் இடது பக்கம் முறுக்கிப் பிழியும். அடுத்த நிமிஷம் கக்கூசுக்கு ஓட வேண்டும். காலையில் நாலு ஈடு இட்லி இறக்குவதற்குள் மூன்று முறை ஓடுவாள். கொஞ்ச நாளில் ரத்தம் போக ஆரம்பித்தது. மூட்டை தூக்கிய உடம்பு, ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்தது.

வயிற்றுவலியை மாமியாரிடம் சொன்னாள். "பொம்பளன்னா வலிக்கத்தாண்டி செய்யும், அது சகஜம். நான் புள்ள பெத்த அஞ்சாம் நாள் மாவாட்டுனவ" என்றாள் ராணியம்மாள். அதற்குப் பிறகு, மருமகள் பின்பக்கம் ஓடும்போதெல்லாம் சாப்பிடுகிறவர்கள் காதில் விழும்படி, "ஆரம்பிச்சுட்டா நாடகத்த. வேலைன்னா இவளுக்கு வயித்த வலிச்சிடும், கவுச்சி வெச்சா மட்டும் சரியாயிடும்" என்பாள். தின்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை மதிவதனி கக்கூஸ் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

ரத்தம் போவதைப் புருஷனிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். "சூடு புடிச்சிருக்கும். மோர் குடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான் பாலாஜி. மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை. குழந்தை இன்னும் தங்கவில்லை. ரத்தம் என்று வாயைத் திறந்தால், கர்ப்பப்பைக் கோளாறு என்று கதை கட்டிக் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அதனால் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு இரண்டு வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

ஏச்சையெல்லாம் அவள் எப்படித் தாங்கினாள் என்றால், ஒரே ஒரு நினைப்பில். 'அத்தைக்குத் தெரியாது. தெரியாமதான் பேசறாங்க. தெரிஞ்சா எந்தப் பொம்பளயும் இப்படிப் பேச மாட்டா.' இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். கோபம் இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது. ஆனால் அந்த நினைப்பு அதன் மேல் ஒரு மூடி போல இருந்தது.

இரண்டாயிரத்து ஆறில், ஐப்பசி மாதம், அந்தத் தெருவுக்கு டப்பாக்காரி வந்தாள். அவள் பெயர் தனம், வேங்கிக்கால்காரி. ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போய் மலம் சேகரிக்கிற வேலை. தோளில் ஐஸ் பெட்டி, பை நிறையச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியிலேயே குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும். தெரு அவளை வரவேற்ற லட்சணம் இருக்கிறதே! ஒருத்தி வாசல் தெளிக்கிற சாக்கில் தண்ணீரை மேலே வீசினாள். ஒருத்தன், "எங்க வூட்டு மாடு போடுது, அள்ளிக்கினு போ" என்றான். தனம் எதற்கும் அசையவில்லை. சொல்ல வந்ததை எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி சொன்னாள்.

"குடல்ல புண்ணோ வீக்கமோ இருந்தா மலத்துல ஒரு புரதம் ஜாஸ்தியாவுங்க. எவ்ளோ இருந்தா ஜாஸ்தின்னு சொல்லணும்னா, நல்லா இருக்கறவங்களுக்கு எவ்ளோ இருக்குன்னு முதல்ல தெரியணும் இல்லீங்களா? வெளிநாட்டுக்காரங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. அது நம்ம தண்ணிக்கும் நம்ம சோத்துக்கும் பொருந்துமான்னு தெரியல. அதனால உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்கள மட்டும்தான் சேத்துக்கறோம்."

எதிர்ச்சாரியில் இடியாப்பக் கடை வைத்திருந்த கன்னியம்மாள் தானாகவே முன்வந்தாள். மூட்டுவலி மாத்திரை தினமும் சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததும் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாத்திரை குடலைப் புண்ணாக்குமாம், கணக்குக் கெட்டுவிடுமாம். இதைக் கேட்டதும் ராணியம்மாளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கன்னியம்மாளுக்கும் அவளுக்கும் பத்து வருஷத் தொழில் பகை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சந்தில் இறங்கி, தனத்தைக் கைநீட்டிக் கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. எங்க வூட்ல நாலு பேரு. நாலு பேரும் திடகாத்திரம். எழுதிக்க. எங்க மெஸ்ல துன்றவங்களுக்கு ஒரு வியாதி வராது, அப்ப எங்களுக்கு எப்படி வரும்?"

காலை நேரம், மேஜையெல்லாம் ஆள். தனம் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டாள். மதிவதனியின் முறை வந்தது. கையில் சட்னிக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"உங்களுக்கு வயித்துவலி, பேதி, ரத்தம் போறது, ஏதாவது இருக்குங்களா?"

மதிவதனி வாயைத் திறப்பதற்குள் ராணியம்மாள் முந்திக்கொண்டாள். "அவளுக்கா? கல்லத் துன்னாலும் கரைஞ்சிடும். ஒண்ணும் இல்லன்னு போடு."

தனம் மதிவதனியைப் பார்த்தாள். மதிவதனி பாலாஜியைப் பார்த்தாள். பாலாஜி தோசையைத் திருப்பிப் போட்டான். சாப்பிடுகிறவர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். போன பிறகு தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மறுநாள் விடியற்காலையில்தான் ராணியம்மாளுக்கு விஷயம் உறைத்தது. டப்பாவில் போடப் போவது என்ன, அது யார் கைக்குப் போகப் போகிறது என்று. உதிர்ந்த முடியைச் சுருட்டி அடுப்பில் போடுகிறவள் அவள். வெட்டிய நகத்தை மண்ணில் புதைக்கிறவள். உடம்பிலிருந்து கழிந்தது எதுவும் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது, போனால் அதை வைத்தே செய்வினை வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்கு வேதம். நாத்தனார் கையில் ஒரு தடவை சீப்பைக் கொடுத்ததால்தான் தன் தலைமுடி கொட்டியது என்று இன்றைக்கும் நம்புகிறாள். மகனுடையதைக் கொடுக்க முடியுமா? புருஷனுடையதை? தன்னுடையதை? வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. நேற்று ஊரே கேட்கக் கத்தியிருக்கிறாள், எதிர்க் கடையில் கன்னியம்மாள் கண்கொத்திப் பாம்பாக நிற்கிறாள்.

நாலு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கக்கூஸ் வாசலில் போய் நின்றாள். மதிவதனி உள்ளே போகும்போது கையில் திணித்தாள்.

"நாலுத்துலயும் உன்னோடதையே போட்டு மூடு."

"இன்னா அத்த இது? அவங்க ஒவ்வொருத்தரோடதும் தனித்தனியாத்தான கேட்டாங்க?"

"கேட்டா? எம் புள்ளயோடதக் குடுத்து எவளாவது எதுனா பண்ணிட்டா நீயா வந்து பதில் சொல்லுவ? உன்னோடத வெச்சிக்கினு எவன் இன்னா பண்ணப் போறான்? ஆனா ஆவட்டும். போடுடி."

ஆனால் ஆகட்டும். அந்த இரண்டு வார்த்தையை மதிவதனி சாகும்வரை மறக்க மாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு டப்பாவையும் நிரப்பினாள். நிரப்பும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, வலியாலா அவமானத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. ராணியம்மாள் டப்பாக்களைத் துடைத்து, மூடியில் ஒட்டியிருந்த பெயர்களைச் சரிபார்த்து, பூஜை சாமான் கொடுப்பது மாதிரி தனத்திடம் கொடுத்தாள்.

கார்த்திகை பிறந்தது. தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. லாட்ஜுகளுக்கு வெள்ளை அடித்தார்கள், தேர்களுக்கு எண்ணெய் போட்டார்கள். ராணி மெஸ்ஸுக்கு வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் உயிர். அரிசியும் உளுந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. மதிவதனிக்கு நிற்கவே முடியவில்லை. இந்தத் தீபத்தைத் தாண்டுவோமா என்று நிஜமாகவே பயந்தாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தனத்தோடு ஒரு டாக்டர் வந்தார். அன்பரசன் என்று பெயர். சிரித்துப் பழக்கமில்லாத முகம். நேராகக் கல்லாவுக்கு வந்து, "ராணியம்மாள் யாருங்க?" என்றார்.

"நான்தான். உக்காருங்க சார், சாப்புட்றீங்களா?"

"சாப்பிட வரல. கொஞ்சம் தனியாப் பேசணும்."

"இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான். பேசுங்க" என்றாள் ராணியம்மாள். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"அப்ப சரி. வெளிநாட்டுக் கணக்குப்படி அம்பதுக்குள்ள இருக்கணும். இந்தத் தெருவுல மத்தவங்க யாருக்கும் நூறைத் தாண்டல. உங்க வீட்ல நாலு பேருக்கும் ஆயிரத்துக்கு மேல. ஒரு வீட்ல நாலு பேருக்கும் ஒரே மாதிரி ஏறியிருந்தா தண்ணியிலயோ சாப்பாட்டுலயோ ஏதோ தொத்து இருக்கு. நீங்க ஊருக்கே சமைச்சுப் போடறீங்க. மறுபடி டெஸ்ட் எடுத்து முடிவு தெரியற வரைக்கும் நீங்க நாலு பேரும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. கடையை மூடுங்க. நகராட்சிக்கும் நான் சொல்லியாகணும்."

மோருக்குக் கை நீட்டிய ஒருவர் கையை இழுத்துக்கொண்டார். இன்னொருவர் பாதிச் சோற்றில் இலையை மடித்தார். சந்துக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாள் இடியாப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மெஷினு ரிப்பேரா இருக்கும் சார்" என்றாள் ராணியம்மாள். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"தெருவுக்கெல்லாம் சரியா வேலை செஞ்சது, உங்க நாலு டப்பாவுக்கு மட்டும் ரிப்பேர் ஆயிடுச்சா? முடிவு வர ரெண்டு மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம். தீபம் முடிந்து, தேர் நிலைக்கு வந்து, ஊரே காலியாகியிருக்கும். ராணியம்மாளின் கண் மதிவதனியைத் தேடியது. அவள் அடுப்படி வாசலில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றிருந்தாள். நாலும் யாருடையது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இரண்டே பேர்.

"சொல்லுடி" என்று சீறினாள் ராணியம்மாள்.

"இன்னா சொல்றது அத்த? எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. கல்லத் துன்னாலும் கரைஞ்சிடும்."

இதைச் சொன்னபோது மதிவதனிக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. சந்தோஷம்தான், மறைப்பானேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாய் திணறுவதைப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

ராணியம்மாளுக்கு வேறு வழியில்லை. "சார், நாலும் இவளோடது சார்! நாங்க யாரும் குடுக்கல. நான்தான் நாலுத்துலயும் இவளோடதையே போடச் சொன்னேன்."

அன்பரசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடையக் காப்பாத்தறதுக்கு மருமக தலையில கட்டறீங்களா? இவங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுத வெச்சதே நீங்கதான்னு தனம் சொல்றாங்க. இப்ப நான் எதை நம்பணும்?"

"சாமி சத்தியமா இவளோடது சார்! இவளுக்குத்தான் சார் வியாதி!" ராணியம்மாள் கல்லா மேஜையை அடித்துக் கத்தினாள். நம்ப வைத்தாக வேண்டுமே. "ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ ஓடுவா சார். ஓடும்போதே செவுத்தப் புடிச்சிக்கினு நிப்பா. ரத்தம் ரத்தமா போவுது சார் இவளுக்கு!"

"ரத்தம் போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம இன்னா சார்? இவளுக்கப்புறம் நான்தான அந்தக் கக்கூசுக்குப் போறேன்? எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் ஓரத்துல நிக்காதா? இன்னிக்கு நேத்திக்கு இல்ல சார், நாலு வருஷமாப் பாக்கறேன். சாயந்திரமானா சொரம் அடிக்கும். ராத்திரி சோத்தப் பெசஞ்சிட்டு அப்படியே நாய்க்கு வெச்சிடுவா. எனக்குத் தெரியும் சார், எல்லாம் எனக்குத் தெரியும்!"

முருகையன் தலையைக் குனிந்துகொண்டார். தான் என்ன ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று ராணியம்மாளுக்கு இன்னும் புரியவில்லை. டாக்டர் நம்பிவிட்டாரா என்று மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிவதனியின் உடம்பில் பரவியிருந்த குளிர்ச்சி போய்விட்டது. அவளுடைய நோய்க்கு நாலு வருஷமாக ஒரு சாட்சி இருந்திருக்கிறது. அதுவும் பக்கத்திலேயே. காலையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கூடத்துக்கு வந்து, நாடகம் என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்துத் தாங்கியதெல்லாம் எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! அடுப்பில் கொதிக்கிற சாம்பாரை எடுத்து அந்தத் தலையில் ஊற்றலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கையிலிருந்த கரண்டியை மெதுவாகத் தண்ணீர்ப் பானை மேல் வைத்தாள்.

பாலாஜி பக்கத்தில் வந்தான். "ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். மோர் குடிக்கச் சொன்னீங்க."

அன்பரசன் குரலை இறக்கி, "எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்டார்.

"அவங்களையே கேளுங்க சார். அவங்கதான் எல்லாம் கணக்கா வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டாள். தனம் ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். "மதி! அடியே மதி!" என்று பாலாஜி சந்து முனைவரை கூப்பிட்டுக்கொண்டே வந்தான். "நாளைக்குக் கொடியேத்தம்டி! மாவாட்ட யாருமில்லடி!" என்று ராணியம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள். மதிவதனி திரும்பவில்லை. தெரு சொல்வதில் அது ஒன்று மட்டும் நிஜம்.

குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் பாதிக்கு மேல் புண். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். மாத்திரையில் அடங்கியது, முழுசாகப் போகவில்லை, போகவும் போகாது. அன்பரசன் நாலு டப்பாவையும் ஆரோக்கியமானவர்கள் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். நம் ஊர்க்காரர்களுக்கு எது சகஜம் என்கிற அளவு ராணியம்மாளால் கெடாமல் தப்பியது. நாலும் ஒருத்தியுடையதுதான், தொத்து இல்லை என்று ஆனதால் கடைக்கும் பூட்டுப் போடவில்லை, அவள் தீபம் முழுக்கத் தானே மாவாட்டினாள்.

மதிவதனி தேரடித் தெருவுக்குத் திரும்பிப் போகவில்லை. உடம்பு தேறியதும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே தள்ளுவண்டியில் டிபன் போட ஆரம்பித்தாள். சில மாதம் கழித்து பாலாஜி ஒரு பையோடு வந்து நின்றான். போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உளுந்தை ஊறப் போடச் சொன்னாள். இப்போது மாவாட்டுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவன்தான்.

ராணியம்மாள் போகிற வருகிற இடத்தில், "எம் மருமவளோட வியாதியக் கண்டுபுடிச்சதே நான்தான்" என்று சொல்லிக்கொள்கிறாளாம். இரண்டு வருஷம் கழித்து, தீபம் முடிந்து கோயிலில் கொடுக்கிற மலைத் தீபக் கொப்பரை மையைப் பிரசாதமாக எடுத்துக்கொண்டு வண்டிக்கே வந்தாள். மதிவதனி ஸ்டூல் போட்டாள், இட்லி வைத்தாள், வாடிக்கையாளருக்குக் கேட்பது போலச் சட்னி வேணுமா என்று கேட்டாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மை அப்படியே பொட்டலத்தோடு வண்டியில் கிடந்தது.

ராணியம்மாள் போன பிறகு, அன்றைக்கு டிபன் சாப்பிட வந்திருந்த தனம் மனசு கேட்காமல் சொன்னாள். "வயசான பொம்பளக்கா. போனாப் போவுதுன்னு வுட்டுடக் கூடாதா?"

மதிவதனி இட்லிப் பானை மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"தெரியாமப் பண்ணியிருந்தா என்னிக்கோ வுட்டிருப்பேன் தனம். ரத்தத்தப் பாத்துட்டு வந்து ஊரச் சிரிக்க வெச்சாங்க இல்ல?"

இரண்டு இட்லியை எடுத்துத் தனத்தின் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்ற ஆரம்பித்தாள்.